பின் சீட்டில் ஓர் இடம்

அக்டோபர் 29, ஞாயிறு

காலை ஆராதனைக்கு இரண்டாம் மணி அடித்துவிட்டுக் கோபுரத்திலிருந்து இறங்கும்போது துரைசிங் முதலாளியின் கார் வந்து நின்றது. வெள்ளைக் கார். இந்த வருஷத்தில் வாங்கிய இரண்டாவது கார். டிரைவர் ஓடிவந்து கதவைத் திறந்தான். முதலாளி, அவர் வீட்டம்மா ஹெலன், மகள் ஷாலோமி மூன்று பேரும் இறங்கி முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அந்த பெஞ்சில் அவர்கள் பெயர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் வேறு யாரும் அங்கே உட்காருவதில்லை. ஆராதனைக்கு முன்பு எல்லா பெஞ்சையும் நான் துடைக்கிறேன். அதை மட்டும் இரண்டு தடவை துடைக்கிறேன்.

நேசபுரம் கோயிலில் நான் கோயில்குட்டி. மணி அடிப்பது, பெருக்குவது, திருவிருந்துப் பாத்திரங்களைக் கழுவி வைப்பது, ஊரில் ஒரு சாவு விழுந்தால் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் பிடித்துக் கூடவே நிற்பது, எல்லாம் என் வேலை. முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. எனக்கு முன்பு என் அப்பா செய்தார்.

துரைசிங்கும் நானும் ஒரே வகுப்பு. அவர் அப்பா வாடகை சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார். இன்று இவருக்குப் பதினெட்டு பஸ். எல்லா பஸ்ஸிலும் முன் கண்ணாடிக்கு மேலே மகளின் பெயர்தான்: ஷாலோமி. என் மகள் ஜெமிமா அந்தப் பஸ்ஸில்தான் பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போய் வருகிறாள். ஷாலோமிக்கும் அதே வயது, பத்தொன்பது. அதே கல்லூரி. அவள் காரில் போகிறாள்.

இந்த நாட்குறிப்பும் முதலாளி கொடுத்ததுதான். வருஷா வருஷம் கோயில் ஊழியர்களுக்கு ஒன்று கொடுப்பார். அட்டையில் பஸ் படம் இருக்கும். நான் பழைய காலண்டர் தாளால் அட்டை போட்டிருக்கிறேன், அழுக்காகாமல் இருக்கட்டும் என்று.

எனக்கு யார் மேலும் பொறாமை கிடையாது. கர்த்தர் அவரவருக்கு அளந்து கொடுக்கிறார்.

அக்டோபர் 31, செவ்வாய்

நாள் முழுக்க மழை. மணிக்கயிறு நனைந்து கனத்துவிட்டது. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து, தண்ணீர் தேங்குவதை எல்லாம் கவிழ்க்கச் சொன்னார்கள். ஊரில் காய்ச்சல் பரவுகிறதாம். கோயிலுக்குப் பின்னால் கிடந்த பூந்தொட்டிகளைக் கவிழ்த்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கியது. தனிப்பாட்டு ஷாலோமிக்குப் போய்விட்டது. ஜெமிமாவின் குரலைப் பற்றி ஊருக்கே தெரியும். வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“நான்தாம்ப்பா அவளப் பாடச் சொன்னேன். போன வருசம் நான்தான பாடுனேன்” என்றாள்.

“என்னைத் தேத்துறதுக்குச் சொல்லாத.”

“அவ நல்லாப் பாடுவாப்பா. நீங்க கேட்டதே இல்ல.”

கேட்காமல் என்ன, ஞாயிறுதோறும் கேட்கிறேன். சாதாரணக் குரல். எதற்காகக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? பெண் வெள்ளந்தி. அவள் அம்மா ராஜபுஷ்பத்தைப் போல.

நவம்பர் 7, செவ்வாய்

ஜெமிமா மத்தியானமே கல்லூரியிலிருந்து வந்துவிட்டாள். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கண்ணுக்குப் பின்னால் வலி என்கிறாள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். சாயங்கால ஜெபத்துக்கு ஆறு பேர்.

நவம்பர் 8, புதன்

காய்ச்சல் இறங்கவில்லை. ராஜபுஷ்பம் நிலவேம்புக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஷாலோமிக்கும் காய்ச்சலாம். அவர்கள் வீட்டுக்கு டாக்டரே வந்துவிட்டுப் போனார். டாக்டரின் கார் நம் தெரு வழியாகத்தான் போயிற்று.

நவம்பர் 9, வியாழன்

முதலாளி வீட்டிலிருந்து ஆள் வந்தது. ஷாலோமியை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். பேசி அனுப்பிவிட்டேன்.

மணியின் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன். கிரீச்சென்று கத்திக்கொண்டிருந்தது நின்றுவிட்டது.

நவம்பர் 10, வெள்ளி

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். காலையில் ஜெமிமாவுக்குக் காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. நெற்றியைத் தொட்டால் குளிர்ச்சி. ராஜபுஷ்பத்தைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். “பாத்தியா? மதுரைக்கு ஓடுனவுக ஓடட்டும். நம்ம பிள்ளைய இங்கனயே கர்த்தர் சுகமாக்கிட்டாரு” என்றேன். அவள் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஜெமிமா களைத்துக் கிடக்கிறாள். கஞ்சி இறங்கவில்லை. காய்ச்சல் விட்ட களைப்புதான். சாயங்கால மணியை இன்று கொஞ்சம் கூடுதலாகவே அடித்தேன்.

நவம்பர் 11, சனி

விடிகாலையில் வயிற்று வலி என்று துடித்தாள். மூன்று தடவை வாந்தி. கடைசி வாந்தி காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. கையும் காலும் ஜில்லென்று ஆகிவிட்டன. ஆம்புலன்ஸ் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இரத்தத்தில் தட்டணுக்கள் ரொம்பக் குறைந்துவிட்டனவாம். டெங்கு.

டாக்டர் சின்ன வயசுப் பெண். நன்றாகவே பார்க்கிறது. “காய்ச்சல் விடுற நேரம்தாங்க ஆபத்தே. ரெண்டு நாளைக்கு முன்னாடியே ஒரு இரத்தப் பரிசோதனை பார்த்திருக்கலாமே” என்றது.

“எங்களுக்குத் தெரியலம்மா” என்றேன்.

ராஜபுஷ்பம் என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 12, ஞாயிறு

முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக ஞாயிறு மணியை வேறொருவர் அடித்திருக்கிறார்.

இரத்தம் ஏற்றினார்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது.

நவம்பர் 13, திங்கள்

ஜெமிமா காலை ஒன்பதே முக்காலுக்குக் கர்த்தரிடம் போய்விட்டாள்.

நவம்பர் 15, புதன்

நேற்று அடக்கம். துக்க மணியை நானே அடித்தேன். எங்கள் சபைப் போதகர் ஐயர் வேண்டாம் என்றார். “மத்தவுகளுக்கு அடிச்ச கைதான ஐயா” என்றேன். ஒரு அடி அடித்துவிட்டு, அந்த ஓசை அடங்கிய பிறகுதான் அடுத்ததை அடிக்க வேண்டும். அதற்குள் அவசரப்பட்டால் ஊருக்குக் குழப்பமாகிவிடும்.

குழி வெட்ட வந்தவர்கள் நீளம் எவ்வளவு என்று என்னைக் கேட்டார்கள். பழக்கத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாருடைய நீளம் என்று உறைத்தது.

முதலாளி வரவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் மகளோடு இருக்கிறார். பெரிய மாலை ஒன்று அனுப்பியிருந்தார். அதை எடுத்து மற்ற மாலைகளுக்கு அடியில் வைத்தேன்.

நவம்பர் 20, திங்கள்

ஷாலோமி பிழைத்துக்கொண்டாள். தீவிர சிகிச்சையிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டார்களாம். கோயில் வாசலில் வைத்து எபனேசர் வாத்தியார் சொன்னார். “நல்லது” என்றேன்.

அதைக் கேட்டதும் என் மனதில் என்ன வந்தது என்பதை எழுதப் போவதில்லை.

நவம்பர் 24, வெள்ளி

காலை ஏழு இருபதுக்கு ஒன்று, எட்டே காலுக்கு ஒன்று, ஒன்பது பத்துக்கு ஒன்று. ஷாலோமி, ஷாலோமி, ஷாலோமி என்று எங்கள் தெருமுனையில் ஆரன் அடித்துக்கொண்டு போகிறது. ஏழு இருபது பஸ்ஸுக்குத்தான் ஜெமிமா ஓடுவாள். ராஜபுஷ்பம் அந்த நேரத்தில் அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறாள். தண்ணீர் சும்மா போகிறது.

நவம்பர் 26, ஞாயிறு

முன் பெஞ்சு காலி. துடைக்கவில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

ஐயர் அறிவிப்பு வாசித்தார். தம் மகளைக் கர்த்தர் மரணத்தின் வாசலிலிருந்து திருப்பிக் கொடுத்ததற்காக, துரைசிங் குடும்பத்தார் டிசம்பர் 17 ஞாயிறு அன்று ஸ்தோத்திர ஆராதனை ஏறெடுக்கிறார்கள். ஆராதனைக்குப் பின் சபையார் எல்லாருக்கும் அசன விருந்து. வாசிக்கும்போது அவர் குரல் தடுமாறியது. சபையில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாசல் தூண் ஓரம் நின்றுகொண்டு மணிக் கோபுரத்தைப் பார்த்தேன்.

திருப்பிக் கொடுத்தாராம். அப்படியானால் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவர் யார்? அதே கர்த்தர்தானே? பதினெட்டு பஸ் உள்ளவனுக்கு ஒரு பிள்ளை மிச்சம். விளக்குமாறு பிடித்தவனுக்கு ஒன்றும் இல்லை. பணம் இருந்தது, காரில் மதுரைக்குப் போனான், பிழைத்தாள். இதில் கர்த்தருக்கு என்ன ஸ்தோத்திரம்? காருக்குச் செய்யட்டும் ஸ்தோத்திரம்.

டிசம்பர் 5, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாமல் விடலாம். ஆனால் எழுதாமல் விட்டதெல்லாம் என்னை விட்டுப் போவதாகத் தெரியவில்லை.

சாப்பிட உட்கார்ந்தபோது வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். “காசு இருக்கவன் பிள்ளை பிழைக்கும். நம்ம பிள்ளைக்கு யாரு இருக்கா? எந்த நாதி இருக்கு?” என்றேன். ராஜபுஷ்பம் சோற்றைப் போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைச் சட்டியிலேயே வைத்தாள்.

“நம்ம தெருவுல வந்து நின்னுச்சே காரு” என்றாள்.

நான் தண்ணீர்ச் செம்பை எடுத்தேன்.

“அந்த டிரைவர் தம்பி எட்வின் என்ன சொன்னான்? ‘முதலாளி பாப்பாவ மதுரைக்குக் கூட்டிட்டுப் போறாவ. பின் சீட்டுல இடம் இருக்கு, ஜெமிமாவையும் கையோட ஏத்திக் கூட்டியாரச் சொன்னாவ. ஆஸ்பத்திரிச் செலவப் பத்தி யோசிக்காண்டாம்னு சொன்னாவ’ன்னான். நீங்க என்ன சொன்னிய?”

“ராஜம், விடு.”

“‘எங்க வீட்டுப் பிள்ள யாரு காருலயும் பின் சீட்டுல ஒண்டிக்கிட்டுப் போவாது. இங்கன டாக்டர் இல்லாமலா போயிட்டாவ’ன்னு சொன்னிய. அவன் ரெண்டு மட்டம் கெஞ்சுனான். கதவச் சாத்துனிய.”

அவள் குரல் ஏறவே இல்லை. வீட்டுக் கணக்குப் பேசுவது போலப் பேசினாள்.

“உங்களுக்குத் தெரியாதது ஒண்ணு சொல்லுதேன். காரு சத்தம் கேட்டதும் அவ எந்திரிச்சிட்டா. முடிய ஒதுக்கி, செருப்பப் போட்டுட்டுக் கட்டில்ல உக்காந்திருந்தா. காரு திரும்பிப் போற சத்தம் கேட்டுச்சு. அப்பவும் கொஞ்ச நேரம் செருப்போடயே இருந்தா. பெறவு அவளே கழட்டி வச்சிட்டுப் படுத்துக்கிட்டா. ‘அப்பா வருத்தப்படுவாவ, நீ ஒண்ணும் கேக்காதம்மா’ன்னா.”

சோறு தட்டில் அப்படியே கிடந்தது.

டிசம்பர் 7, வியாழன்

கோயில் சாவிக் கொத்தைக் கொண்டுபோய் ஐயரிடம் கொடுத்தேன். கிறிஸ்துதாஸ் ஐயருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். இந்தச் சேகரத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை.

“பதினேழாந் தேதி மணி அடிக்க என்னால ஆவாதுய்யா. அதுக்குப் பெறவும் ஆவாது. வேற ஆளப் பாருங்க.”

அவர் சாவியை வாங்காமல் நின்றார். “அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? உங்களுக்கு ஜெமிமா போனதுல துக்கமா, ஷாலோமி இருக்கதுல கோவமா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்லண்ணாச்சி. முதலாவதுக்கு ஆண்டவரே கூட இருந்து அழுவாரு. ரெண்டாவதுல நீங்க தனியாத்தான் இருக்கணும்.” சொல்லிவிட்டு அவரே பயந்துபோனது போல இருந்தது. “நான் சின்னவன். தப்பாச் சொல்லியிருந்தா மன்னிச்சிருங்க. ஜெமிமா ஏன் போனான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசவும் மாட்டேன்.”

சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பின்னாலேயே வந்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

டிசம்பர் 9, சனி

மத்தியானம் கோயிலுக்குப் போனேன். ஞாயிறுக்குப் பெருக்க வேண்டும் என்று ராஜபுஷ்பத்திடம் சொன்னேன். பெருக்கவில்லை. உள்ளிருந்து கதவைச் சாத்திக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் ஆயுசில் அதில் உட்கார்ந்ததில்லை. மற்ற பெஞ்சு போலத்தான் இருக்கிறது. மரம்தான்.

நவம்பர் 20 அன்று எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். ஷாலோமி பிழைத்தாள் என்று கேட்டதும், அவளும் செத்திருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமா? ஆஸ்பத்திரி வராந்தாவில், ஜெமிமாவுக்கு மூச்சு வாங்கியபோது, ஜெபம் என்ற பெயரில் கர்த்தரிடம் பேரம் பேசினேன். அதை எடுத்துக்கொள்ளும், இதை விட்டுவிடும் என்று. ஞாயிறுபள்ளிக் காலத்திலிருந்து என் வீட்டில் வந்து ‘மாமா’ என்று கூப்பிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்த பிள்ளையை. இதையும் எழுதுகிறேன்: கார் வந்த அன்று எனக்கு ஜெமிமாவின் காய்ச்சல் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கார் தெருவில் நிற்பதை யார் யார் பார்க்கிறார்கள் என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. என் பிள்ளையைக் கொசு கடித்தது. ஆனால் கதவைச் சாத்தியவன் நான்.

போயிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. மதுரையிலும் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள். சாகும்வரை எனக்கு இது தெரியப் போவதில்லை.

வேதத்தின் சங்கீதப் புஸ்தகத்தில் ஒரு பாட்டுக்காரன் இருக்கிறான். செழித்திருக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன். ஆலயத்துக்குள் வந்த பிறகுதான் அவனுக்குத் தெளிந்ததாம். இளவயதில் அதைப் படித்துவிட்டு எனக்குச் சொன்னது அல்ல என்று தள்ளிவிட்டேன். நான்தான் தினமும் ஆலயத்துக்குள் வருகிறவன் ஆயிற்றே. முப்பத்தொரு வருஷம் வந்திருக்கிறேன். விளக்குமாற்றோடு வந்தேன், துணியோடு வந்தேன், கண்ணை முன் பெஞ்சின் மேல் வைத்துக்கொண்டே வந்தேன். பீடம் அதற்கும் அப்பால் இருந்தது.

எழுந்து பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதி அருகே போய் முழங்கால் போட்டேன். என்ன ஜெபிப்பது என்று தெரியவில்லை. மேலே சிலுவை. அதை வாரம் ஒரு தடவை ஏணி வைத்துத் தூசு தட்டுகிறவன் நான். ஒரு தகப்பன் தன் பிள்ளையைச் சாகக் கொடுத்த இடம் அது என்பது இன்றுதான் எனக்குள் இறங்கியது. அதுவும் யாருக்காக? கதவைச் சாத்துகிறவனுக்காக.

குரல் ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சு இலேசாகவும் இல்லை. “என் பிள்ளையைக் கொன்றவன் உம்முடைய காலடியில் வந்திருக்கிறேன், என்னை என்ன செய்யப் போகிறீர்?” என்று மட்டும் சொன்னேன். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதேன். அடக்கத்தன்று அழவில்லை. இன்று அழுதேன்.

வெளியே வந்தபோது பஸ் போயிற்று. பெயரைப் படித்தேன். வழக்கம் போல வயிறு எரிந்தது. ஆனால் எரிகிறது என்று எனக்கே தெரிந்தது. இதுவரை அதை நியாயம் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 10, ஞாயிறு

மணி அடித்தேன். முன் பெஞ்சை ஒரு தடவை துடைத்தேன், மற்றவற்றைப் போலவே.

ராஜபுஷ்பத்திடம் மன்னிப்புக் கேட்டேன். “இப்ப என்னால ஆவாது. கேட்டியல்லா, இருக்கட்டும்” என்றாள்.

டிசம்பர் 12, செவ்வாய்

முதலாளி வீட்டுக்குப் போனேன். வாசல் வரை போய் இரண்டு தடவை திரும்பினேன். மூன்றாவது தடவை காவலாள் கதவைத் திறந்துவிட்டான்.

பளிங்குத் தரை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். துரைசிங் பனியனோடு வந்தார். ஒரு மாதத்தில் பத்து வயது கூடியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவரால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

“மாசிலாமணி, அந்த ஆராதனைய நிப்பாட்டிரலாம்னு ஐயருட்ட சொல்லியிருக்கேன். ஹெலன்தான் ஆஸ்பத்திரில வச்சுக் கர்த்தருக்கு நேர்ந்து பொருத்தனை பண்ணிட்டா. உங்க வீட்டுல இப்படி இருக்கும்போது… நான் யோசிச்சிருக்கணும்” என்றார்.

“நிப்பாட்டாண்டாம் முதலாளி. நான் வேற சொல்ல வந்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். காரைத் திருப்பி அனுப்பியது ஏன் என்று சொன்னேன். அவர் வந்து இறங்குவதைப் பார்த்துப் பார்த்து இத்தனை வருஷம் உள்ளுக்குள் வெந்ததைச் சொன்னேன். அவர் அனுப்பிய மாலையை அடியில் வைத்ததைக்கூடச் சொன்னேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசிய பேரத்தைச் சொல்ல வந்தபோது நிறுத்தினேன். பிறகு அதையும் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்தது. வெளியே போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். 

“எட்வின் வந்து, வர மாட்டேன்னுட்டாவன்னு சொன்னான்” என்றார். “நான் காருக்குள்ள முன்னாடி உக்காந்து போன் பேசிட்டிருந்தேன். தெருமுனையிலதான் நின்னோம். இறங்கி நாப்பது அடி நடந்து வந்திருந்தா, நீ என் மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லியிருப்பியா?”

“தெரியல.”

“எனக்கும் தெரியல. இறங்கல. ‘சொல்லியாச்சு, வராட்டா போறாவ’ன்னு நினைச்சேன். என் பிள்ள பின்னால ஹெலன் மடியில கிடந்தா. அதுக்கு மேல எனக்கு யோசன ஓடல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தினமும் காலையில அந்த நாப்பது அடி ஞாபகம் வருது மாசிலா.”

அப்போது ஷாலோமி மாடிப்படியில் இறங்கி வந்தாள். சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். கன்னம் ஒட்டி, முடி பாதி கொட்டியிருந்தது. “மாமா” என்றாள்.  நின்ற இடத்தில் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். “நான் கண்ணு முழிச்சதும் ஜெமி எப்படி இருக்கான்னுதான் கேட்டேன் மாமா. எல்லாரும் நல்லாருக்கான்னாவ. எட்டு நாளு பொய் சொன்னாவ.”

நான் அவளைப் பார்த்தேன். என் பிள்ளையின் வயது. என் பிள்ளையின் காய்ச்சல். நெஞ்சு உயர்ந்து தாழ்கிறது, மூச்சு விடுகிறாள். எரியும் என்று காத்திருந்தேன். எரியவில்லை. இந்தப் பிள்ளையும் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது பயமாக இருந்தது. நான் கேட்ட பேரத்தைக் கர்த்தர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் ஜெபம் கேட்கப்படாமல் போனதற்காக முதன்முதலாக நன்றி சொன்னேன்.

அந்த வீடு அப்படியேதான் இருந்தது. பளிங்கும் கண்ணாடி விளக்கும் காரும். திரும்பி வரும்போது அவற்றைத் தாண்டித்தான் வந்தேன். அதெல்லாம் அவருடையது. இருக்கட்டும்.

டிசம்பர் 14, வியாழன்

நேற்று ராத்திரி மறுபடியும் வந்தது. ஏன் நான், ஏன் அவன் இல்லை என்று. இன்னும் பல நாள் வரும் போலிருக்கிறது. வந்ததும் எழுந்து உட்கார்ந்து, அவர்கள் மூன்று பேரையும் பெயர் சொல்லி ஜெபித்தேன். முதல் பெயரிலேயே ஒரு தடவை நிறுத்திவிட்டேன். சொல்லி முடித்தேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

மணி அடித்தேன். ஸ்தோத்திர மணி. துக்க மணியைப் போல இல்லை, ஓசை அடங்கக் காத்திருக்கக் கூடாது. ஒன்றின் மேல் ஒன்றாக விழ வேண்டும். கயிற்றை இழுக்க இழுக்கத் தோள் வலித்தது. கண்ணீர் வழிந்தது. கையை எடுக்க முடியாததால் துடைக்கவில்லை.

ஆராதனையின் நடுவில் ஐயர் துரைசிங் குடும்பத்தைப் பீடத்தண்டை அழைத்தார். மூவரும் முழங்கால் போட்டார்கள். சாட்சி சொல்லும்படி துரைசிங்கைக் கேட்டார். அவர் எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். பேச்சு வரவில்லை.  யாரோ இருமினார்கள். அவர் திரும்பி, பின்னால் தூண் ஓரம் நின்ற என்னைப் பார்த்தார்.

நான் சபையில் வாய் திறந்து ஜெபித்தவன் இல்லை. கோயில்குட்டிக்கு அது வழக்கமும் இல்லை. நடுநடை வழியாக நடந்து போனேன். எல்லா பெஞ்சையும் தாண்டிப் போய் அவர் பக்கத்தில் முழங்கால் போட்டேன்.

“ஆண்டவரே, எனக்கு ஒரு மகளைப் பத்தொன்பது வருஷம் கொடுத்திருந்தீர். அவளுக்காக ஸ்தோத்திரம். அவளை நான் காப்பாற்றவில்லை. உம்மிடத்தில் இருக்கிறாள் என்று விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசத்தை மன்னியும். ஷாலோமியை நீர் காப்பாற்றினீர். அவள் உயிரோடு இருப்பதற்காக உமக்கு ஸ்தோத்திரம்.”

இவ்வளவுதான் சொன்னேன். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அது உண்மையாகத்தான் இருந்தது. துரைசிங் என் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். கண்ணைத் திறந்தபோது ஷாலோமியின் மறுபக்கத்தில் ராஜபுஷ்பம் முழங்கால் போட்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. அந்தப் பிள்ளையின் முடி கொட்டிய தலையில் அவள் கை இருந்தது.

அசனத்தில் நான் பரிமாறப் போனேன். ஐயர் வாளியைப் பிடுங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார். வரிசையில் உட்கார்ந்தேன். சோறும் கறிக்குழம்பும் கத்தரிக்காயும். ராஜபுஷ்பம் நாலு வாய் சாப்பிட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சாப்பிட்டதை இன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். பூட்டைத் திறந்தேன். உள்ளே கட்டில் காலியாகத்தான் இருந்தது. ராஜபுஷ்பம் அதன் ஓரத்தில் உட்கார்ந்து விரிப்பைச் சரிசெய்தாள். பிறகு சொன்னாள்:

“அந்தப் பிள்ள ரொம்ப மெலிஞ்சிட்டா. பெரிய வீடுதான், ஆனா அவளுக்கு இப்பப் பிடிக்கிற மாதிரி கஞ்சி வைக்க அங்க யாருக்கும் தெரியாது. நாளைக்கு உளுந்து போட்டுக் கொஞ்சம் வச்சுத் தாரேன். கொண்டு போவியளா?”

“நீயும் வா” என்றேன்.

டிசம்பர் 18, திங்கள்

கஞ்சி கொண்டு போனோம். பிள்ளை குடித்தது.